கிராஃப்ட் பீரும் அகத்திணையும்: வெள்ளி மாலைக் கூட்டம் குறித்த ஓர் ஆய்வு

மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் ஆறு பேர், வெள்ளிக்கிழமை ஹேப்பி ஹவரில் கிராஃப்ட் பீர் குடிக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். ஆய்வுப்பொருள் இவ்வளவுதான். களம் பெங்களூரு. தரவு, அவர்களுடைய வாட்ஸ்அப் குழு. ஆய்வுமுறை, தொல்காப்பியம் வகுத்துத் தந்த முதல், கரு, உரி. கருதுகோள்: இந்நிகழ்வில் பீர் வெறும் கருப்பொருள், உரிப்பொருள் வேறு.

1. முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். பொழுதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. சலுகை விலை பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கி இருட்டும் வேளையில் முடிந்துவிடும். அதாவது எற்பாட்டைச் சார்ந்தது. அலுவலகம் விடுவதோ மாலையில். எற்பாடு நெய்தலுக்கும் மாலை முல்லைக்கும் உரிய சிறுபொழுதுகள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், முல்லைக்கு இருத்தல். வெளிவட்டச் சாலையில் வண்டிக்குள் இருத்தலும், சலுகை நேரம் கடந்தபின் இரங்கலும் ஒரே மாலையில் நிகழ்வதால் இது திணைமயக்கம் ஆகிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்குப்படி, பெங்களூரு நகர மையத்தில் 10 கிலோமீட்டர் செல்ல சராசரியாக 29 நிமிடம் 10 நொடி ஆனது. அந்தப் பட்டியலில் இதைவிட மெதுவான நகரம் லண்டன் மட்டுமே.

அடுத்தது நிலம். குழுவில் மூன்று பெயர்கள் முன்மொழியப்பட்டன: ஒய்ட்ஃபீல்டில் நூலகமும் ஜாஸ் மேடையும் கொண்ட விண்ட்மில்ஸ், இந்திராநகரில் 2010 முதல் இயங்கும் டோயிட், மெக்ராத் சாலையில் இருக்கும் ஆர்பர். "எனக்கு எங்கன்னாலும் ஓகே மச்சி" என்று ஆறு பேரும் எழுதினார்கள். பிறகு வாக்கெடுப்பு நடந்தது.

இருவருக்கு ஒய்ட்ஃபீல்டு, இந்திராநகர், மெக்ராத் என்ற வரிசை. இன்னும் இருவருக்கு இந்திராநகர், மெக்ராத், ஒய்ட்ஃபீல்டு. எஞ்சிய இருவருக்கு மெக்ராத், ஒய்ட்ஃபீல்டு, இந்திராநகர். இரண்டிரண்டாக மோதவிட்டால் ஒய்ட்ஃபீல்டு இந்திராநகரை 4–2 என வெல்கிறது. இந்திராநகர் மெக்ராத்தை 4–2 என வெல்கிறது. மெக்ராத் ஒய்ட்ஃபீல்டை அதே 4–2 என வீழ்த்துகிறது. பெரும்பான்மை இப்படி வட்டமடிக்கக்கூடும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785-லேயே எழுதிவைத்தார். அவர் காலத்தில் வாட்ஸ்அப் இல்லாததால் அதற்குமேல் அவரைக் குறை சொல்ல வழியில்லை.

முடிச்சை அவிழ்த்தது மெட்ரோ. 2023 அக்டோபரில் ஊதா வழித்தடம் ஒய்ட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடத் தொடங்கியபின், இந்திராநகருக்கு ரயில் மாறாமல் வரலாம். இந்தியச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது; அந்தக் கவலையும் தீர்ந்தது. இந்திராநகர் வென்றது ஜனநாயகத்தால் அல்ல, தண்டவாளத்தால்.

2. கருப்பொருள்

பவேரியாவில் 1516-ல் ஒரு சட்டம் வந்தது. பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது. மீறினால் பீப்பாய் பறிமுதல். ஈஸ்ட் அந்தப் பட்டியலிலேயே இல்லை. டோயிட்டின் 'பாஸ்மதி ப்ளாண்ட்' பீரில் அரிசி இருக்கிறது. பவேரியக் கோமகனின் ஆட்கள் இந்திராநகர் 100 அடி சாலைக்கு வந்திருந்தால் அன்றைய மாலை அத்துடன் முடிந்திருக்கும். ஹெஃபவைசன் என்னும் கோதுமை பீரில் வாழைப்பழ மணம் வரும். அதில் பழம் எதுவும் கிடையாது. அந்த ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட்டின் வேலை அது. இதை மேசையில் விளக்க ஒருவர் எப்போதும் இருப்பார். அவரைத் தடுக்கும் முறை எதுவும் ஆய்வில் கண்டறியப்படவில்லை.

இதைவிடக் கடினம், ஆளுக்கொன்றாக ஆர்டர் சொல்வது. டான் ஏரியலி, ஜொனாதன் லெவவ் ஆகிய இரு ஆய்வாளர்கள் வட கரோலினாவின் சாப்பல் ஹில் நகரில், பீர் காய்ச்சும் மதுக்கடை ஒன்றிலேயே இதைச் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். சில மேசைகளில் ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஆர்டர் சொல்ல வைத்தார்கள். சில மேசைகளில் தனித்தனியே எழுதித்தர வைத்தார்கள். வாய்விட்டுச் சொன்னவர்கள், முன்னால் ஒருவர் கேட்டுவிட்ட பீரைத் தவிர்த்து வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். குடித்துவிட்டு, எழுதித் தந்தவர்களைவிடக் குறைவாகவே திருப்தி அடைந்தார்கள். முதலில் வாய்திறந்தவருக்கு மட்டும் அந்த இழப்பு இல்லை. எனவே இந்த ஆய்வு பரிந்துரைப்பது துண்டுச் சீட்டு. அது கிடைக்காவிட்டால், பணியாளர் நெருங்கும்போதே முந்திக்கொண்டு பேசுவது.

3. உரிப்பொருள்

பில் வருகிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஒருவர் ஒரு கிளாஸ் கோதுமை பீருடன் நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் ஸ்டவுட், ஐபிஏ, இரண்டு தட்டு சிக்கன் என்று பயணித்தார். "ஆறாப் பிரிச்சிடலாம்" என்று முதலில் சொன்னவர் இரண்டாமவரே.

யூரி நீஸியும் சக ஆய்வாளர்களும் இஸ்ரேலின் ஹைஃபா நகர உணவகமொன்றில் ஆறு ஆறு பேராக உட்காரவைத்து நடத்திய சோதனை 2004-ல் வெளியானது. தத்தம் பில்லைத் தாமே கட்டியவர்கள் சராசரியாக 37 ஷெக்கலுக்கு உண்டார்கள். சமமாகப் பிரித்தவர்கள் 51 ஷெக்கலுக்கு. யாரோ கட்டுகிறார்கள் என்றதும் 82. நமது ஸ்டவுட் நண்பர் கெட்டவர் அல்லர், புள்ளிவிவரத்துக்குக் கட்டுப்பட்டவர்.

4. ஆய்வின் எல்லை

ஆறு பேரை வைத்து முடிவு சொல்லலாமா என்று தேர்வாளர்கள் கேட்கக்கூடும். சிறு மாதிரிகளைக் கையாளும் டி-சோதனையே பீர் ஆலையில் பிறந்தது என்பது அதற்கான பதில். டப்ளின் கின்னஸ் ஆலையில் 1899-ல் சேர்ந்த வில்லியம் கோஸெட், குறைந்த அளவு தரவுகளிலிருந்து முடிவெடுக்கும் தேவையில் அதை உருவாக்கினார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை அனுமதிக்காததால், 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அச்சேற்றினார். நமது ஆய்வின் ஆறாம் நபரும், பல்வலி என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தவர் என்பதால், குழுப் படத்தில் மெனு அட்டைக்குப் பின்னால்தான் நிற்கிறார்.