கிரீன் டீ போடும் முறைமை: மல்லாங்கிணற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

கிரீன் டீ கசக்கும் என்ற பொதுக்கருத்தை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம். கசப்பது இலையன்று, போடுகிறவரின் அவசரம். பால் டீ கொதிக்கக் கொதிக்க நயம்படுவது. அதே பழக்கத்தில், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பயந்து வாங்கிய கிரீன் டீ பையையும் தளதளவென்று கொதிக்கும் நீரில் முக்கி, கரண்டியால் நசுக்கிப் பிழிந்தும் விட்டால், விளைவது நிலவேம்புக்குத் தங்கச்சி. பால் டீயும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த கையோடு ஆவியிலோ வாணலியிலோ சூடுகாட்டிக் கறுக்கவிடாமல் நிறுத்தினால் அது கிரீன் டீ. அதிலுள்ள கேட்டச்சின் என்னும் துவர்ப்புச் சத்து, நீரின் சூடு ஏற ஏறக் கூடுதலாக இறங்கும். ஆகவே 80 டிகிரி போதும். ஊட்டிக்காரருக்கு இதில் பிறவிச் சலுகை உண்டு: 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மல்லாங்கிணறு சமவெளி, இங்கே 100ஐத் தொட்டுத்தான் கொதிக்கும். அந்த 20 டிகிரியை எப்படிக் கழிப்பது என்பதே வினா.

இலை நீலகிரியில் விளைகிறது, பலசரக்குக் கடையில் கிடைக்கிறது. இலையைப் பற்றி இவ்வளவே.

நமக்குக் கிடைக்கும் மூலப்பாடம் அட்டைப்பெட்டியின் முதுகு. 'இரண்டு நிமிடம்' என்பது ஒரு பாடம், 'மூன்று நிமிடம்' என்பது இன்னொன்று. 'இரண்டு முதல் மூன்று' என்பது சண்டைக்குப் பயந்த ஒருவரின் இடைச்செருகல். இப்பெட்டிக்கு உரை உண்டு. உரைக்கு விளக்கம் உண்டு. விளக்கத்துக்கு மறுப்பும், மறுத்தவரே வேறு புனைபெயரில் எழுதிய மறுப்பின் மறுப்பும், அதை ஓய்வுபெற்றபின் திரும்பப் பெற்றுக்கொண்ட அடிக்குறிப்பும் உண்டு. அடிக்குறிப்பைச் செல்லரித்துவிட்டதால் அதுவே மிகத் தொன்மையானது என்று கொள்க. கிரீன் டீ பற்றி நம் கல்வெட்டில் ஒன்றும் இல்லையே எனின், கல்வெட்டில் இல்லாததனாலேயே அது கல்வெட்டுக்கு முந்தியது. இம்முறையில் இதைவிடப் பெரியவையெல்லாம் நிறுவப்பட்டிருக்கின்றன.

அயலார் கூற்றுக்கு வருவோம். தேநீருக்கென்றே நூல் செய்த சீனத்து லூ யூ, 8ஆம் நூற்றாண்டில் நீரைத் தரம்பிரித்தார்: மலைநீர் தலை, ஆற்றுநீர் இடை, கிணற்றுநீர் கடை. கிணற்றைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊருக்கு இது நேரடி அவதூறு. ஆனால் கிணறுதான் கதியென்றால் ஆள் அதிகம் இறைக்கும் கிணற்றில் எடு என்றும் அவரே சொல்லியிருப்பதால் மன்னிக்கலாம். அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. இவ்வட்டாரத்து போர்த் தண்ணீரைக் கெட்டிலில் நாலு நாள் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்குக் கட்டும். அந்த உப்புத்தண்ணியில் கிரீன் டீ பச்சையும் தங்காமல் பழுப்பேறி, மேலே ஆடை படியும். ஆகவே நல்லதண்ணி வந்த நாளில், அல்லது கேன் தண்ணீரில். 1980இல் வெளியான ஐஎஸ்ஓ 3103 என்ற உலகத் தர ஆவணமோ 100 மில்லிக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம் என்கிறது. அது தேயிலையின் தரத்தைச் சுவைத்து ஒப்பிடுவோருக்கு எழுதியது, குடிப்போருக்கு அன்று. இதே பொருளில் பிரிட்டிஷார் வகுத்த ஆறு பக்கத் தர ஆவணத்துக்கு 1999இல் இக் நோபல் இலக்கியப் பரிசு கிடைத்தது. நம் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஆறு பக்கம் நன்றியுரைக்கே காணாது.

இனி டம்ளர். கொதித்த நீர் 150 மில்லியை, 100 கிராம் எடையுள்ள எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால், டம்ளர் தான் சூடேறும் வகையிலேயே ஐந்தாறு டிகிரியை வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து மற்றொரு ஆறிய டம்ளருக்கு மாற்றினால் மறுபடி ஐந்தாறு. மூன்றாவதிலும் அவ்வாறே. ஊற்றும்போது ஆவியாய்ப் போவதையும் சேர்த்தால் 80க்கு வந்து நிற்கும். தெர்மாமீட்டர் வேண்டா. ஜப்பானியர் இதற்கென்றே யுசமாஷி என்று தனிப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அது சீர்வரிசையாக வந்து, பெயர் வெட்டி, பரணில் டஜன் கணக்கில் கிடக்கிறது. இரு டம்ளர் நெறியார் இதை ஏற்பதில்லை. டீக்கடை மாஸ்டர் இரண்டில்தானே ஆத்துகிறார் என்பது அவர்கள் வாதம். அற்றன்று. இரண்டாம் மாற்றுக்குள் இரு டம்ளருமே சூடாகிவிடுவதால், அதன்பின் ஆற்றவேண்டியது காற்று மட்டுமே. காற்றை நம்பினால் கையை அகட்டி ஒரு முழத்துக்கு இழுத்து ஆத்தவேண்டும். அது மாஸ்டருக்குக் கைவந்தது, மற்றவருக்குக் காலில் விழும். சித்திரை மாதத்து மல்லாங்கிணற்றுக் காற்று வேறு யாரையும் ஆற்றும் நிலையில் இருப்பதில்லை.

சும்மா வைத்தாலே ஆறிவிடுமே என்பார் ஒரு சாரார். ஆறும், எப்போது 80, எப்போது 60 என்று சொல்லிக்கொண்டு ஆறாது. சும்மா இருக்கச் சொல்லி முருகன் அருணகிரிக்கு உபதேசித்தான், கெட்டிலுக்கு அன்று. பச்சைத்தண்ணீர் கலக்கலாமே என்பாருக்கு: கலக்கலாம், எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

வலுவான தடை ஒன்றே. தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் வறண்ட காட்டில், ஒரு வாய் டீக்கு மூன்று டம்ளர் கழுவுவதா? உப்புத்தண்ணியில் கழுவினால் ஈரம் காய்ந்ததும் விளிம்பில் வெள்ளைக் கறை நிற்கும். துரத்திய உப்பு மறுநாள் டம்ளர் வழியே உள்ளே வரும். இதற்கு விடை: டீ மூன்றாம் டம்ளரில்தான் போடப்படுகிறது. முன்னிரண்டில் பட்டது வெறும் வெந்நீர். அவற்றைக் கழுவ வேண்டியதில்லை, கவிழ்த்து வைத்தால் போதும். அடுக்களைக்கு உரியவர் இதை ஒப்புவதில்லை. அவரோடு வாதிட்டு வென்றதாக எந்த நூலும் இதுவரை முழுமையாகக் கிடைக்கவில்லை.