பல்லைப் பார்த்து வாங்குடா பேராண்டி

வா பேராண்டி, திண்ணையில உட்காரு. கஃபே ரேசர் கட்டப் போறியாமே? உங்கம்மா வந்து அழுதுட்டுப் போறா, எனக்கோ சிரிப்பு அடங்கல. ஓடுற வண்டியைக் காசு குடுத்து வாங்குறது, அதை அறுக்கறது, ரெண்டு பேர் உட்கார்ற சீட்டை ஒருத்தனுக்குச் சுருக்கறது, நிமிர்ந்து போற மனுசனைக் குப்புறக் கவுக்கறது. இதுக்குப் பேரு கலையாம்! இருக்கட்டும். பொண்ணு பார்க்கப் போறப்போ உங்கப்பன் எங்க உட்காருவான்னு மட்டும் யோசிச்சு வை.

இந்தக் கஃபே சமாச்சாரம் என்னன்னா, லண்டன்ல ஏஸ் கஃபேன்னு ஒரு கடை, 1938-ல திறந்தது. 1950, 60கள்ல அங்க கூடுன பசங்களுக்கு மணிக்கு 100 மைல் தொட்டுடணும்னு வெறி. நம்ம கணக்குல 160 கிலோமீட்டர். அதுக்காக வேண்டாத இரும்பையெல்லாம் கழட்டிக் கடாசினானுங்க. நார்ட்டன் வண்டிச் சட்டத்துல டிரையம்ப் வண்டி இன்ஜினைப் பூட்டி ‘டிரைட்டன்’னு பேரும் வெச்சானுங்க. அவனுக்கு வாய்ச்சது அந்த ரோடு. உனக்கு வாய்ச்சது தொப்பூர் கணவாய். அங்க லாரிக்காரனே சாமியைக் கும்பிட்டுத்தான் இறங்குறான்.

நீ கண்ணு வெச்சிருக்கிற ஆர்எக்ஸ் 100 நல்ல வண்டிதான், இல்லேங்கல. 98 சிசி, 11 குதிரை. எவ்வளவு முறுக்கினாலும் நூறு கிலோமீட்டர் பக்கம் வந்து மூச்சு வாங்கும். மைலும் கிலோமீட்டரும் ஒண்ணுதான்னு மனசைத் தேத்திக்க. ஆனா 1996-ல நிறுத்துன வண்டிடா அது. இன்னிக்கு அதை விக்கிறவன் காடு விக்கிறவன் மாதிரி விலை சொல்றான். அவ்வளவு கொட்டி வாங்கி, கிரைண்டரை வெச்ச அன்னிக்கே அந்த விலை போச்சு. மொதமொதல்ல கத்தி பிடிக்கிறவன் அதுலயா பழகுவான்?

எஸ்டி ரோட்கிங்னு உன் கூட்டாளி சொன்னானாம். மைசூர்ல ஐடியல் ஜாவா செஞ்சது, 250 சிசி, ரெண்டு சைலன்சர். உதைக்கிற கிக்கரையே மடக்கிவிட்டா அதுவே கியர். அதை முதல்ல பார்த்தப்போ ஊரே வாயைப் பொளந்துச்சு. கம்பெனியும் 1996-லயே மூடியாச்சு. கர்நாடகா நம்பர் வண்டி மலிவா வருதுன்னு பாய்ஞ்சுடாத. அந்த ஆர்டிஓகிட்ட தடையில்லாச் சான்று வாங்கணும். நீ அங்க நடக்கிற நடைக்கு வண்டியே வேண்டாம்.

ஊர்ப் பாசம்னா இண்ட்-சுசுகி இருக்கு. ஓசூர்ல செஞ்சு 1984-ல வந்துச்சு. 2004-ல கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியற வரைக்கும் ஓசூரும் நம்ம தருமபுரி மாவட்டந்தான். பெருமையா பேசிக்கலாம். ஆனா பாசத்தைக் காட்டினா எவனும் ஸ்பேர் தரமாட்டான்.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டைப் பாருன்னுதான் நான் சொல்லுவேன். 1955-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச கம்பெனி, அந்த இன்ஜினை அரை நூற்றாண்டுக்குமேல பெருசா மாத்தவே இல்ல. சோம்பேறித்தனமோ என்னவோ, உனக்கு லாபம். ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு கிடைக்கும், கழட்டி மாட்டத் தெரிஞ்ச கையும் கிடைக்கும்.

ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும் மரியாதை வேணும். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்து. ஆம்ப்ஸ் முள்ளு நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரெசர் லீவரைப் பிடிச்சு இன்னும் ஒரு துளி அழுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் முழுசா ஒரே உதை. அவசரப்பட்டியோ, அது திருப்பி உதைக்கும். கெண்டைக்கால் வீங்கிக் கெடக்கறப்போ ரேசர் என்ன, கயித்துக் கட்டில்தான். இன்னொண்ணு: பழைய புல்லட்டுக்குக் கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால தள்ளுறப்போ ரெண்டு பக்கமும் கம்பி இழுத்து இணைக்கணும். அந்த வேலை தெரிஞ்ச மெக்கானிக்கை முதல்ல புடி, அப்புறம் வண்டியைப் புடி.

பென்னாகரம் பக்கம் ஆலாம்பாடி மாடு வாங்குறவன் கொம்பையா பார்ப்பான்? பல்லைத்தான் பிடிச்சுப் பார்ப்பான். வண்டிக்குப் பல்லு ஆர்சி புக். சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் புக்கோட ஒத்துப் பாரு. பதினஞ்சு வருசம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா பதிவைப் புதுப்பிக்கணும், அது நடந்திருக்கான்னு கேளு. ‘எங்க தாத்தா பேர்லதான் இருக்கு, அவரு போயிட்டாரு’ன்னு எவனாவது இழுத்தா, துக்கம் விசாரிச்சுட்டு வந்துரு.

அறுக்கறதுலயும் ஒரு சங்கதி இருக்கு. கம்பெனி குடுத்த அமைப்பை உன் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லியாச்சு. அம்பது வருசம் தாண்டினா விண்டேஜ்னு தனிப் பதிவு வாங்கிக்கறேன்னு கனாக் காணாத. 2021-ல வந்த அந்த விதிக்கு வண்டி அசலா இருக்கணும். அதனால வண்டிச் சட்டத்துல கத்தி வைக்காத. ஹேண்டில்பார், சீட்டு, மட்கார்டு எல்லாம் போல்ட்டுல கழண்டு போல்ட்டுல ஏறுற மாதிரி செய். கழட்டினதைப் பரண்ல பத்திரமா வை. அதை உங்கம்மா காயலான் கடைக்குப் போடாம பார்த்துக்கறது உன் சாமர்த்தியம்.

கடைசியா ஒண்ணு. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி, தாழ்ந்த ஹேண்டில்பார் போட்ட வண்டி எவன்கிட்டயாவது இரவல் வாங்கி, வத்தல்மலை கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி இறங்கிட்டு வா. மணிக்கட்டும் இடுப்பும் சரின்னா நம்ம ஊர் டிஎன் 29 நம்பர்ல ஓடிட்டிருக்கிற புல்லட்டா பார்த்து வாங்கு. சரியில்லேன்னா, அந்தக் காசுல உங்கம்மாவுக்கு ஒரு மாவரைக்கிற கிரைண்டர் வாங்கிக் குடு.