கடைசி டீமைக் காட்டுங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

பேத்தியை ஏதோ வலைக்கம்பு விளையாட்டில் சேர்க்கப் போகிறீர்களாமே, அதற்கு ஆயிரக்கணக்கில் ஃபீஸாமே, கபடிக்கு என்ன குறைச்சல் என்று கேட்டிருந்தீர்கள். அதன் பெயர் லாக்ராஸ். இடுப்புயரக் கம்பு, அதன் தலையில் சின்ன வலைப்பை, பைக்குள் கெட்டி ரப்பர் பந்து. பந்து விழாமல் கம்பை ஆட்டிக்கொண்டே ஓடி, கூட்டாளிக்கு எறிந்து, கோல் போட வேண்டும். வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஆட்டம் இது. 1867-இல் மாண்ட்ரியலில் ஜார்ஜ் பியர்ஸ் என்ற பல் டாக்டர் இதற்கு விதிகளை எழுதி அச்சில் ஏற்றினார். இன்றைக்கும் வாயில் பல்காப்பு மாட்டாமல் எந்தப் பெண்ணும் களத்தில் இறங்க முடியாது. டாக்டரின் ஆவி விடவில்லை போலிருக்கிறது. பெண்கள் ஆட்டம் 1890-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில் தொடங்கி, 1926-இல் ரோசபெல் சின்கிளேர் என்ற ஆசிரியை மூலம் பால்டிமோர் பிரின் மார் பள்ளிக்கு வந்தது. 2004-இல் மேரிலாந்து அரசு இதை மாநிலத்தின் குழு விளையாட்டாகவே அறிவித்துவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸிலும் உண்டு. கபடிக்கு ஒரு குறைச்சலும் இல்லை மாமா. ஆனால் பாடிப் போனால் பிடிக்க எதிரே ஆள் வேண்டுமே! அமெரிக்காவில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கையில் இருப்பது இந்தக் கம்புதான்.

கம்பு வாங்குவது சுலபம், கிளப் பிடிப்பதுதான் பெரும்பாடு. நம் ஊரில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் வைத்து, சோறும் போட்டுப் பயிற்சி தருகிறது. இங்கேயும் தேர்வு உண்டு. தேறியவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். தேர்வுக்குப் போனால் பிள்ளை என்றைக்குப் பள்ளிக்கூடம் முடிப்பாள் என்பதுதான் முதல் கேள்வி. பிறந்த வருஷம் ஜோசியருக்கு, படிப்பு முடிக்கும் வருஷம் லாக்ராஸுக்கு. ஐந்தாம் வகுப்புக் குழந்தையை '2033 டீம்' என்று கூப்பிடுகிறார்கள். தேறிவிட்டாள் என்று மின்னஞ்சல் வந்தால், சில கிளப்புகளில் ஓரிரு நாளைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும்; கட்டியது திரும்பாது. வெளியூர்ப் போட்டி என்றால், பல இடங்களில் போட்டி நடத்துகிறவர் கைகாட்டும் ஓட்டலில்தான் தங்க வேண்டும். பெயர்களோ எலைட், நேஷனல், பிரீமியர் என்று போகும். 'சுமார்' என்று பெயர் வைத்த டீம் அமெரிக்காவிலேயே இல்லை.

இத்தனை தங்கத்துக்குள் எதை உரசிப் பார்ப்பது? என் கட்சி இதுதான்: கிளப்பின் முதல் டீமைப் பார்க்காதே, கடைசி டீமைப் பார். பெரிய கிளப் என்றால் ஒரே வயதுக்கு இரண்டு மூன்று டீம் வைத்திருக்கும். விளம்பரத்தில் சிரிக்கிற படமும், எந்தக் கல்லூரிக்கு யார் போனார்கள் என்ற பட்டியலும் முதல் டீமுடையவை. அந்தப் பெண்கள் வரும்போதே வேகமாக ஓடுகிறவர்கள், வீட்டுச் சுவரில் பந்தடித்துக் கை பழகியவர்கள். எந்தக் கிளப்பில் சேர்ந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். அவர்களைப் பொறுக்கியெடுத்தது கிளப்பின் சாமர்த்தியமே தவிர, சொல்லிக்கொடுத்ததற்குச் சாட்சி ஆகாது. பந்தைப் பிடிக்கத் தெரியாமல் வந்தவள் ஒரு வருஷத்தில் பிடிக்கிறாளா என்பதுதான் சாட்சி. அது கடைசி டீமில்தான் தெரியும். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல மூட்டையாகப் பார்த்து எடுத்து வைத்து யாரும் தரம் சொல்வதில்லை; கலந்து எடுத்த மாதிரியைக் கட்டியாக வார்த்து, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று பொறுத்திருந்து உடைத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். இன்னொன்றும் உண்டு. இரண்டாம், மூன்றாம் டீம் பெற்றோரும் முழு ஃபீஸ்தான் கட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தேர்ந்த கோச்சைப் போடுகிறார்களா, கல்லூரி லீவில் வந்த பெண்ணைப் போட்டு ஒப்பேற்றுகிறார்களா என்பதில் கிளப்பின் யோக்கியதை தெரிந்துவிடும்.

'நாளைக்குக் கல்லூரி ஸ்காலர்ஷிப்புக்குப் பெரிய டீம்தானே உதவும்?' என்பீர்கள். இங்கே பாதிப் பெற்றோர் இந்த நினைப்பில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கல்லூரிகள் வாய்வார்த்தையாகப் பேசி முடித்தன. அந்தக் கூத்துக்கு 2017-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. முற்றுப்புள்ளி வைத்தது. அதன் முதல் பிரிவுக் கல்லூரிக் கோச்சுகள் பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்கு வரும் செப்டம்பர் 1-க்கு முன் சேர்க்கை பற்றி அவளிடம் பேசக் கூடாது. ஆக, பத்து வயதுப் பிள்ளையைக் 'கல்லூரிக் கண்ணில் காட்டுகிறோம்' என்பது வெறும் விற்பனைப் பேச்சு. பணத்துக்கு வந்தால், முதல் பிரிவுப் பெண்கள் டீம் ஒன்றுக்கு 12 முழு ஸ்காலர்ஷிப்தான் என்று நெடுநாள் உச்சவரம்பு இருந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் அதைப் பங்கு போட்டார்கள். 2025-இல் புதிய விதி வந்து, அதை ஏற்ற கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், ஆட்களின் எண்ணிக்கைக்கு 38 என்று வரம்பு வந்தது. கொடுக்கலாம் என்றுதான் அர்த்தம், கொடுப்பார்கள் என்று அல்ல. ஹார்வர்டு, யேல் இருக்கும் ஐவி லீக்கிலும், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

'கெட்டிக்காரர்களோடு ஆடினால்தானே கெட்டிக்காரி ஆவாள்?' இதில் நியாயம் உண்டு, ஆடினால். களத்தில் ஒரு பக்கத்துக்கு 12 பேர். டீமில் இருபது பேர் வரை. மிச்சப் பேர் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்று கைதட்டுவார்கள். கைதட்டலில் பந்து பழகாது. முதல் டீமில் இருபதாவது ஆளாக நிற்பதைவிட, இரண்டாம் டீமில் ஆட்டம் முழுக்க ஓடுவது மேல். வருஷம் பூராவும் இதையே ஆட வேண்டும் என்று கேட்கிற கிளப்பையும் நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன். ஒரே விளையாட்டில் ஊன்றுவதைப் பதினைந்து பதினாறு வயதுவரை தள்ளிப்போடுங்கள், வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமாவது ஓய்வு விடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-லேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் கிளப்பே எதற்கு, ஊர்ப் பொது மைதானத்தில் குறைந்த கட்டணத்தில் ஆடலாமே என்றால், சின்ன வயதில் அதுவே உத்தமம். ஆனால் இந்த வட்டாரத்தில் உயர்நிலைப்பள்ளி டீமுக்குப் போட்டி போடுகிறவர்கள் பெரும்பாலும் கிளப்பில் தேறியவர்கள். அங்கே நம் பிள்ளை மட்டும் கை பழகாமல் போய் நின்றால் கஷ்டம். அதை மறுக்க மாட்டேன். ஆகவே சேர்ப்போம், ஆனால் சேர்க்கும் முன் மூன்று கேள்வி. கடைசி டீமின் கோச் யார்? அந்தக் கோச் போன வருஷமும் இருந்தாரா? சாதாரண வாரநாளில் அந்த டீமின் பயிற்சியைச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாமா? மூன்றாவதற்கு மழுப்பினால், வாசலில் எத்தனை கோப்பை அடுக்கியிருந்தாலும் திரும்பிவிட வேண்டியதுதான்.



இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: இந்த விளையாட்டால் காலேஜ் பணம் வருமா என்று கடைவீதியில் யாராவது கேட்டால், நிச்சயமாக வரும் என்று சொல்லுங்கள். கிளப்புக்குக் கட்டும் ஃபீஸை மாதாமாதம் பேங்கில் போட்டால்.