சாத்தானுக்கு எழுதிய மொய்

கே: ஸ்பைடர்மேனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லையா? (வாசகர், ஈரோடு)

ப: ஆனது, ஆகவில்லை. 1987-இல் மேரி ஜேனைக் கைப்பிடித்தார். நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில், பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் வேஷம் கட்டிய மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்தி, ஸ்பைடர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஸ்டான் லீயே புரோகிதராக நின்று நடத்திவைத்தார். இருபது வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு, 2007-இல் வந்த 'ஒன் மோர் டே' கதையில் அந்தக் கல்யாணமே நடக்கவில்லை என்றாகிவிட்டது.

கே: புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன தகராறு?

ப: தகராறே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஸ்பைடர்மேனான பீட்டருக்கு வைத்த குறி தப்பி, அவருடைய மே பெரியம்மா மேல் குண்டு பாய்கிறது. வைத்தியம் கைவிரித்த நேரத்தில் மெபிஸ்டோ என்ற சாத்தான் வருகிறான். கிழவியைப் பிழைக்கவைக்க அவன் கேட்கும் கூலி, இவர்களுடைய கல்யாணம். இருவரும் சம்மதிக்கிறார்கள். மறுநாள் பீட்டர் பெரியம்மா வீட்டில் ஒற்றையாளாகக் கண்விழிக்கிறார். மனைவி இருந்த நினைவே அவருக்கு இல்லை. வாசகனுக்கு இருந்தது!

கே: கௌரவமாக விவாகரத்து கொடுத்திருக்கலாமே? (வாசகி, நாகர்கோவில்)

ப: கல்யாணம் பீட்டரைக் கிழவனாக்குகிறது என்பது ஸ்பைடர்மேன் கதைகளை வெளியிடும் மார்வெலின் அன்றைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவின் கட்சி. விவாகரத்தானவர், மனைவியை இழந்தவர் என்றால் இன்னும் வயதேறிவிடுமாம். அந்தக் கதைக்குப் படம் வரைந்தவரும் அவரேதான். எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கியோ, கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிட நினைத்ததாக வெளிப்படையாகவே சொன்னார். சமையல்காரரே கை நனைக்காத பந்தி.

கே: கற்பனை ஆளுக்காக இவ்வளவு கோபமா?

ப: கல்யாணத்தைப் பத்து வயதில் படித்த பையனுக்கு 2007-இல் முப்பது வயது. அவனுக்கும் வீட்டு வாடகை, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் வந்தாயிற்று. 'நீ காசு கொடுத்து வாங்கிய இருபது வருஷக் கதையில் கல்யாணம் செல்லாது' என்றால் கொதிக்கமாட்டானா? அதைவிடப் பெரிய குத்தல், பொறுப்பு பொறுப்பு என்று ஊருக்கெல்லாம் சொன்ன நாயகன் சாத்தானோடு பேரம் பேசியது. அதுவும் யாருக்காக? மே பெரியம்மா 1995-லேயே, 400ஆவது இதழில் செத்தவர். செத்தது வேஷம் போட்ட நடிகை என்று பிற்பாடு சொல்லி அவரைத் திரும்ப அழைத்துவந்திருந்தார்கள்.

கே: கூச்சல் போட்டுப் பலன் உண்டா?

ப: நாளிதழ்ச் சித்திரக்கதையில் உண்டு. 2009 தொடக்கத்தில் அங்கேயும் பீட்டரைப் பிரம்மச்சாரியாக்கினார்கள். வாசகர்கள் பிடித்த பிடியில், சில மாதத்தில் 'எல்லாம் கனவு' என்று சொல்லி மனைவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாத இதழ் மட்டும் அசையவில்லை. (கல்யாணம் கலைந்தபின் வந்த கதைகளில் சில நன்றாகவே இருந்தன. சொன்னால் அடிக்க வருவார்கள்.) வேடிக்கை என்னவென்றால், 2024-இல் தனிக் கதையாகத் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' வரிசையில் பீட்டர் தாடி வைத்த குடும்பஸ்தர், மனைவி மேரி ஜேன், இரண்டு குழந்தைகள். முதல் இதழை மறுபடி மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது!

கே: சூப்பர்மேன் மட்டும் தப்பித்தாரா?

ப: எங்கே! 1996-இல் கல்யாணம், 2011-இல் அழிப்பு, 2016-இல் மனைவி மகனோடு மறுபிரவேசம்.

கே: ராணி காமிக்ஸில் வந்த நம் முகமூடி வீரர் மாயாவி? (வாசகர், மதுரை)

ப: 1977-இல் டயானாவை மணந்து, இரட்டைக் குழந்தைகளுக்கும் தகப்பனாகிவிட்டார். அவர் வாழும் மண்டையோட்டுக் குகைக்குத் தலைமை ஆசிரியர்களுக்கு வழி தெரியாது போலிருக்கிறது.