பதினைந்து நிமிடம் கிடைக்குமா?

போன சனிக்கிழமை மாலை, பிஎச்டி முடித்தவர்கள் கம்பெனி வேலைக்குப் போவது எப்படி என்று ஓர் ஆன்லைன் வகுப்பு. காசு கட்டித்தான் உட்கார்ந்தேன். நடத்தியவர் ஆய்வகத்தை விட்டுக் கம்பெனிக்குப் போனவர். பிறகு கம்பெனியையும் விட்டுவிட்டு, ஆய்வகத்திலிருந்து கம்பெனிக்குப் போவது எப்படி என்று சொல்லித்தருவதையே தொழிலாக்கிக்கொண்டவர். மொத்த வகுப்பின் சாரமும் ஒரே வரி: “வேலை கேக்காதீங்க. ஆலோசனை கேளுங்க.” உடனே திரை முழுக்கக் கட்டைவிரல்கள் பறந்தன. அதில் ஒன்று என்னுடையது என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

இந்தக் கட்டுரையில் உருப்படியாக ஒரு யோசனை சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் இந்த ஆலோசனை விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

நடைமுறை உங்களுக்கே தெரியும். லிங்க்ட்இன்னில் யாராவது ஒரு மருந்துக் கம்பெனிக்காரரைப் பிடித்து, “உங்கள் பயணம் எனக்கு ஊக்கமளிக்கிறது, பதினைந்து நிமிடம் பேச முடியுமா?” என்று எழுத வேண்டும். நமக்கு வேலை வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது நமக்கும் தெரியும். ஆனாலும் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே பேசிவிட்டு எழுந்து போவதுபோல, வேலை என்ற பேச்சே எடுக்காமல் போனை வைக்க வேண்டும்.

இந்த வழக்கத்தைப் பரப்பியதில் ரிச்சர்ட் போல்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியாருக்குப் பெரிய பங்கு உண்டு. தானும் முன்பு வேலையிழந்தவர் என்ற முறையில், வேலையிழந்த மற்ற பாதிரியார்களுக்காக 1970இல் ‘உங்கள் பாராசூட்டின் நிறம் என்ன?’ என்று ஒரு புத்தகத்தைத் தானே அச்சடித்துக் கொடுத்தார். அது பிற்பாடு ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பாதிரியார்களுக்கு அது சரி. கேட்டால் கிடைக்கும் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்தவர்கள். சிலிக்கா ஜெல்லை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காலம் ஓட்டிய ஆர்கானிக் கெமிஸ்டுக்கு, முன்பின் தெரியாதவரிடம் “உங்க வேலையில உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்ன சார்?” என்று கேட்க நாக்கு எப்படிப் புரளும்?

புரண்டது. வயிறு இருக்கிறதே.

பெங்களூர்க்காரர் ஒருவர், காரில் சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது மட்டும்தான் பேசுவார். அந்த சிக்னலைத் தெரிந்தவர்களுக்கு அவர் எனக்கு எவ்வளவு ஆலோசனை சொல்லியிருப்பார் என்பதும் தெரியும். ஹைதராபாத் ஜீனோம் வேலிக்காரர், “பயோடேட்டா ஒரே பக்கம்தான் இருக்கணும். பப்ளிகேஷனையெல்லாம் தூக்குங்க” என்றார். தூக்கினேன். பாஸ்டனில் இருக்கும் ஓர் அக்கா, நமக்கு நடுராத்திரி ஆகும் நேரத்தில் உற்சாகமாக வந்து, “ரெண்டு பக்கம் இல்லாம எப்படி? பப்ளிகேஷனை ஏன்டா தூக்கின?” என்றார். திரும்ப இறக்கினேன். இன்னொருவர், “மனுஷன் யாரும் அதைப் படிக்கிறதே இல்ல, சாஃப்ட்வேர்தான் படிக்குது. விளம்பரத்துல இருக்கிற வார்த்தைய அப்படியே எடுத்துப் போடுங்க” என்றார். போட்டேன். அடுத்தவர் சிரித்தார்: “விளம்பரம் வந்துட்டாலே அந்த வேலைக்கு உள்ளுக்குள்ள ஆளைப் பாத்தாச்சுன்னு அர்த்தம் தம்பி.”

அப்புறம், “டீம்ல நீங்க தனியா என்ன செஞ்சீங்கன்னு சொல்லணும்” என்று ஒரு பாடம். எங்கள் பேப்பரில் ஏழு பேர் பெயர் இருக்கிறது. அதில் இருவர் ஆய்வகப் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை. தனியாக என்ன செய்தேன் என்று கேட்டால், மற்றவர்கள் செய்யாததை எல்லாம் என்றுதான் வாயில் வருகிறது.

எத்தனை விதமாகப் பேசினாலும் போனை வைக்கும்போது எல்லாரும் ஒன்றாகிவிடுவார்கள். “இன்னும் ரெண்டு பேரோட பேரு தரேன், அவங்ககிட்டயும் பேசிப் பாருங்க.” அந்த இருவரும் ஆளுக்கு இரண்டு பேரைக் கைகாட்டுவார்கள். அணு உலையில் இதற்குச் சங்கிலி வினை என்று பெயர். அங்கே மின்சாரமாவது வரும்.

யோசனைக்கு வருகிறேன். அதற்குள் நோபல்காரர்களைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் இல்லாமல் எந்த ஆலோசனையும் நிறைவதில்லை. கதலின் கரிக்கோ 2013இல் பயோன்டெக் கம்பெனிக்குப் போனார், 2023இல் நோபல் வாங்கினார். சரி. கேரி மல்லிஸ் சீட்டஸ் கம்பெனியில் இருந்துகொண்டே 1983இல் பிசிஆரைக் கண்டுபிடித்தார். அதுவும் சரி. அதற்குக் கம்பெனி அவருக்குக் கொடுத்த போனஸ் 10,000 டாலர், அதே பிசிஆரின் உரிமையை 1991இல் ரோஷ் கம்பெனிக்கு விற்ற விலை 30 கோடி டாலர் என்பதை மட்டும் எந்த ஆலோசகரும் சொல்ல மாட்டார். ஜப்பானின் கோயிச்சி தனாகா வெறும் பொறியியல் பட்டத்தோடு ஷிமாட்ஸு கம்பெனியில் சேர்ந்தவர். கோபால்ட் தூளில் தப்பாக கிளிசரினை ஊற்றிவிட்டு, கொட்டினால் வீணாகுமே என்று அதையே சோதித்துப் பார்த்தார். அது 2002இல் வேதியியல் நோபலில் போய் முடிந்தது. எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஊற்றியிருந்தால் வைவாவே நடந்திருக்காது. போகட்டும், இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பிஎச்டி பண்ணாமல் இருந்திருக்கலாம் என்பதா?

கேலியை விடுங்கள். போன மாதம் ஒரு மருந்துக் கம்பெனியில் இன்டர்வியூ. எதிரே இருந்தவர் எம்.எஸ்சி.யில் எனக்கு ஒரு வருடம் ஜூனியர். நான் ஆராய்ச்சியில் இறங்கிய காலத்தில் அவர் அங்கே ட்ரெய்னியாகச் சேர்ந்தார், இப்போது குரூப் லீடர். “வாங்க சார்” என்று எழுந்து நின்றார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு, கம்பெனி அனுபவம் இல்லாததால் ஃப்ரெஷர் கிரேடுதான் தர முடியும் என்றார். பக்கத்திலிருந்த எச்ஆர் அம்மா, டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இந்த வேலைக்கு ஓவர்குவாலிஃபைட், நிலைக்க மாட்டார்கள் என்றார். இரண்டும் ஒரே மேசையிலிருந்து, இரண்டு நிமிட இடைவெளியில் வந்தன.

அடுத்து, கடைசி மூன்று மாத பே ஸ்லிப். ஃபெலோஷிப்புக்கு ஏது பே ஸ்லிப்? 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் 42,000 ரூபாய் என்று ஆணை இருக்கிறது. எந்த மாதத்துப் பணம் எந்த மாதம் வரும் என்பதற்குத்தான் ஆணை இல்லை. பாங்க் ஸ்டேட்மென்டை நீட்டினேன். மாதக்கணக்கில் ஒன்றுமில்லை, பிறகு ஒரே நாளில் மொத்தமாக ஒரு தொகை. “இது இன்சென்டிவா சார்?” என்றார் அந்த அம்மா.

உலகத்தில் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியோடு வருடக்கணக்கில் ராத்திரி பகலாக மல்லுக்கட்டியதை அனுபவம் என்று ஒத்துக்கொள்ள ஒரு பிஎஃப் நம்பர் வேண்டுமாம். இதற்கு நான் யாரிடம் பதினைந்து நிமிடம் கேட்பது?

இதற்கு நடுவில், எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து மூன்றாம் வருடப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: “அண்ணா, உங்கள் பயணம் எனக்கு ஊக்கமளிக்கிறது. பதினைந்து நிமிடம் பேச முடியுமா?” என் பயணம் தற்போது கட்டிலுக்கும் டீக்கடைக்கும் நடுவில். இருந்தாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினேன். பயோடேட்டா ஒரே பக்கம் என்றேன். பப்ளிகேஷனைத் தூக்காதே என்றேன். தனாகாவைச் சொன்னேன். இரண்டு பேருடைய நம்பரும் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவன், “அண்ணா, உங்க கம்பெனியில ஏதாவது ஓப்பனிங் இருக்கா?” என்றான்.

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை.

“அப்படியெல்லாம் நேரா கேக்கக் கூடாதுப்பா” என்றேன்.