ரத்தம் கேக்குத கத்தி

ஏலே, காத்மாண்டு தாமெல் கடைத்தெருவுல வாங்கியாந்த குக்ரிக் கத்திக்கெல்லாம் கண்ணாடிப் பெட்டி அடிச்சு நடுவீட்டுல மாட்டிருக்கியாமே. நல்ல காரியம். முத்தத்து முருங்கைக் கெளை ஓட்டை இடிச்சுக்கிட்டு நிக்கி, அது நிக்கட்டும். இம்புட்டு ரூவா போட்டு வாங்குன ஆயுதத்தைப் போயி முருங்கையில போடுவாங்களா?

உருவுனா ரத்தம் பாக்காம உறையில போடப்படாதுன்னு கடைக்காரன் சொன்னானாக்கும். சொல்லுவான், அதுக்கும் சேத்துத்தானே வெலை. நேபாளத்து மலையில குடியானவன் விடிஞ்சா அதை வச்சுத்தான் விறகு பிளக்கான், தழை அறுக்கான், மூங்கில் சீவுதான். ஒவ்வொரு உருவலுக்கும் ரத்தம் காட்டுனா பொழுது சாயுததுக்குள்ள அவனுக்குக் கையே மிஞ்சாது. தசைன் பண்டிகை வந்தா மட்டும் பொட்டு வச்சுக் கும்புடுவான். ஆனா உனக்கு ரத்தம் வர வழியிருக்கு. உறைய வளைச்சு முஷ்டியாப் பிடிச்சு உருவிப்பாரு. உள்ள ரெண்டு மரச்செதில், மேல எருமைத்தோல், அவ்வளவுதான். கத்தி வாய் சந்தைப் பிளந்துக்கிட்டு நேரா விரலுக்கு வரும். முதுகுப் பக்கமாப் பிடிக்கணும்லே.

இரும்பு இமயமலையில வெட்டுனதுன்னா சொன்னான்? பழைய லாரி ஸ்பிரிங் பட்டை! இளக்காரமா நெனைக்காதே, அதைவிடத் தோதான இரும்பு கெடையாது. காமின்னு சொல்லுத கொல்லமாரு அதைக் காச்சி அடிச்சு, கடைசியா கெண்டித் தண்ணிய வாய் ஓரத்துல மட்டும் நூலா ஊத்துவாங்க. வாய் இறுகிரும், முதுகு இளக்கமாவே நிக்கும். மொத்தமா முக்குனா ஒரே வெட்டுல தெறிச்சாலும் தெறிக்கும். அரத்தை எடுத்துத் தேச்சுப் பாரு: வாயில வழுக்கணும், முதுகுல கடிக்கணும். கீறல் விழுந்துரும்னு நீ எங்க தேய்க்கப் போற!

அந்தக் கொல்லனைத் தீண்டப்படாதுன்னு நேபாளத்துல 1854-ல சட்டமாவே எழுதிவச்சானுவ. கத்தி பூசையில உக்காரும், அடிச்சவன் வாசலைத் தாண்டப்படாது. 1963-ல சட்டத்தை மாத்திட்டாங்க. ஊரு மாறுச்சான்னு அடுத்த தடவை போகையில தாமெல்ல நிக்காம, கொல்லமாரு இருக்க போஜ்பூர் வரைக்கும் ஏறிப்போயி, உலைக்கு முன்னால இருக்கவன்கிட்டயே கேளு. அப்படியே அவன்கிட்ட ஒண்ணு வாங்கு. பளபளப்பு கம்மியா இருக்கும், மொகத்தைச் சுளிக்காதே.

தோலுறைக்குள்ளயே மாசக்கணக்குல போட்டுவச்சா துருப்பிடிச்சுரும். எண்ணெய்த் துணியால தொடச்சு வெளிய வையி.

அப்புறம், உறை முதுகுல ரெண்டு குட்டிக் கத்தி சொருகியிருக்கும்லா. ஒண்ணு மொட்டையா இருக்கு, ஏமாத்திட்டான்னு குதிச்சியாமே. அது சக்மக், தீட்டவும் கல்லுல நெருப்புத் தட்டவும் உள்ளது, மொட்டையாத்தாம்லே இருக்கும். கூரா இருக்கது கர்தா. அது உனக்கெதுக்கு? இப்படிக் கொண்டா, ஆச்சி மாங்காய் கீறணும்னா.