பேட்டரியின் உபவாசம் குறித்து ஒரு விண்ணப்பம்

புதுச்சேரி நகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கனம் காரியதரிசி அவர்களுக்கும் நிர்வாகக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் இரண்டாம் மாடிவாசி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது:

தரைத்தளத்துப் பொது ப்ளக்கில் என் மின்சார மூன்று சக்கர வண்டிக்கு இரவில் சார்ஜ் போடுவது விதிகளுக்கு விரோதமென்றும், ஞாயிறு நடுப்பகலில் இரண்டு மணி நேரம் போட்டுக்கொள்ளலாமென்றும், போதாதென்றால் பேட்டரிகளைக் கழற்றி வீட்டுக்கே எடுத்துச் செல்லலாமென்றும் தாங்கள் நிறைவேற்றியருளிய தீர்மானத்தைப் படித்துப் பரமானந்தம் அடைந்தேன். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ கனக்கும் பேட்டரிகள் இரண்டைச் சுமந்துகொண்டு, லிப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி ஏறும் தேகபலம் எனக்கு உண்டென்று கமிட்டி வைத்திருக்கும் நம்பிக்கை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று நின்று ஏறுகிற என்னைப் புல்லரிக்கச் செய்கிறது.

ஆயினும் ஈயப் பேட்டரி என்னும் ஜந்துவின் சுபாவத்தை யாரும் தங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை போலும். அது ஏகாதசி விரதம் அறியாதது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைவரை போய்வந்தபின் அதைக் காலி வயிற்றோடு கிடத்திவிட்டால், உள்ளே தகடுகளின்மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப்போய், பின்னர் எத்தனை உபசரித்தாலும் பழையபடி ஏற்காது. ஆகையால் திரும்பிய அன்றே மாட்டி, சார்ஜரின் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை, எட்டுப் பத்து மணி நேரமானாலும் தொடாமல் விட வேண்டும். உஷ்ணம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்தொழிலின் பழைய கணக்காதலால், நம்மூர் அக்கினி நட்சத்திரத்தில் நடுப்பகலைத் தேர்ந்தெடுத்த கமிட்டியின் விவேகத்தை நான் வியக்காத நாளில்லை. உப்புக் காற்றினால் முனைகளில் ஏறும் களிம்பைத் துடைத்து வாசலின் தடவும் கைங்கரியத்தை மட்டும் தீர்மானம் இல்லாமலே செய்துவருகிறேன், மன்னிக்க வேண்டும்.

தீப்பற்றும் என்ற அச்சத்தைப் பரிகசிக்க மாட்டேன். ஆனால் பத்திரிகைகளில் எரிந்த ஸ்கூட்டர்கள் லித்தியம் ஜாதி. என்னுடையது மூடிய ஈய ஜாதி, காற்றோட்டமான இடம் கேட்பது. செலவோ, 24 வோல்ட், 35 ஆம்பியர்-மணி கொண்ட இந்தப் பேட்டரி ஜோடியை அடியோடு காலியான நிலையிலிருந்து நிரப்ப ஏறத்தாழ ஒரு யூனிட். தொட்டி நிரம்பி மொட்டை மாடியில் அருவி கொட்டும்வரை ஓடும் நமது மோட்டாரும், பிள்ளையார் சதுர்த்திக்குக் கட்டிக் கார்த்திகை தீபம் கடந்தும் கண்சிமிட்டும் சீரியல் பல்புகளும் இக்கணக்கில் சேரமாட்டா, அவை பொதுநலம்.

திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யத்தக்க ஈயப் பேட்டரியை 1859-ல் சமைத்த காஸ்தோன் பிளாந்தே பிரெஞ்சுக்காரர். 1881-ல் குஸ்தாவ் த்ரூவே பாரிஸ் வீதியில் மின்சார மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டியபோது, நம்மூரும் அதே கொடியின் கீழ் இருந்தது. அவர் நம் கட்டடத்தில் குடியிராதது விஞ்ஞானத்தின் பூர்வ புண்ணியம்.

தனி மீட்டர் வைக்கும் செலவையும் மாதாந்தர யூனிட் கட்டணத்தையும் நானே செலுத்தச் சித்தமாயிருக்கிறேன். தீர்மானம் மாற்றத்தக்கதன்று எனில், பேட்டரிகளை இரவில் மாடிக்கு ஏற்றிக் காலையில் இறக்க நியமிக்கப்படும் அங்கத்தினர் இன்னாரென்பதை அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதியுமாறு பிரார்த்திக்கிறேன். காரியதரிசி அவர்களின் புஜபலத்தில் எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத அங்கத்தினன்